ஆறாம் பக்கத்தோடு நின்ற அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு, டெல்லியிலிருந்து இனியா. நான் சுகம். கிரிவலக் கூட்டத்துக்கு டீ போட்டு உன் கால் வீங்கியிருக்குமே, ஒத்தடம் கொடுத்தாயா? போனில் கேட்டால் “எனக்கின்னா, நல்லாத்தான் கீறேன்” என்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

குழந்தைகளுக்காக ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கைக் கதைக்குப் படம் வரைகிறேன். ஆறாம் பக்கத்தில், படிக்கக் கிளம்பும் மகளை பஸ் ஏற்றிவிடும் அம்மாவுக்கு உன் முகத்தை வைத்தேன். அப்புறம் மகள் வெளிநாடு போகிறாள், பரிசு வாங்குகிறாள். அம்மா வரவே இல்லை. “கதைக்கு அவங்க இனிமே தேவையில்லை” என்றார் எடிட்டர். நானும் தலையாட்டிவிட்டேன்.

நேற்று யாரும் கேட்காமலே ஏழாம் பக்கத்துக்கு உன்னை வரைய உட்கார்ந்தேன். கை ஓடவில்லை.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும் எழுது: நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றைக்கு என்னை பஸ் ஏற்றிவிட்டு நேராக டீக்கடைக்கா போனாய், வீட்டுக்கா? இத்தனை வருஷம் நான் கேட்டதே இல்லை.

உன்
இனியா