என் நெஞ்சைப் பற்றிய காகிதம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமில்லை, அது எனக்கு முன்பே உனக்குத் தெரிந்திருக்கிறது, ஆகவே விசாரிக்கிற நடிப்பு வேண்டாம். போன வாரம் மிக்ஸியின் வாரண்டி அட்டையைத் தேடி உன் அப்பாவின் ஃபைலைத் திறந்தேன், என் பெயர் போட்ட இதய ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தது, நாலு மாதம் பழையது. ஸ்கேன் எடுத்த அன்று "ஒண்ணுமில்ல, வெறும் அசதியாம்" என்று என்னிடம் சொன்னவர், அவர் போனைத் திறந்து பார்த்தால், அதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பியிருக்கிறார், நீயும் "அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா, பயந்துடுவாங்க" என்று புத்தி சொல்லியிருக்கிறாய். இருபத்தாறு வருஷம் ஓட்டல் சலவைக்கூடத்தில் நீராவிக்கு நடுவே நின்று பதினோரு பேரை வேலை வாங்கியவள், ஒரு காகிதத்துக்குப் பயந்துவிடுவேனாம். பெரிய கண்டுபிடிப்பு. உன் மாமா ஒருவர், மருந்துக்கடையில் உட்கார்ந்த நாள் முதல் அரை டாக்டர், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாலும் படியேறினால் இளைக்கிறது என்றாலும் "கேஸ்தான்க்கா" என்று ஒரே மாத்திரையை நீட்டினார். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் வித்தியாசம் தெரியாத வைத்தியர், அவர் பேச்சைக் கேட்டு விழுங்கினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

ரிப்போர்ட்டைப் பார்த்த மறுநாள் நானே தனியாக இதய டாக்டரம்மாவிடம் போனேன். அந்தப் பெண் ஒரு சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினாள். இதயத்தின் இடது பக்கம் மேல் அறை, கீழ் அறை, நடுவே இரண்டு இதழ் வால்வு. கீழ் அறை சுருங்கி ரத்தத்தை உடம்புக்குத் தள்ளும்போது அது இறுக மூட வேண்டும். எனக்கு ஓர் இதழைப் பிடித்திருந்த நூல் போன்ற நார் அறுந்து, இதழ் மேலே மடிகிறது, ரத்தத்தில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பி நுரையீரல் பக்கம் தேங்குகிறது, அதுதான் மூச்சுத் திணறல். தள்ளியதையே திரும்பத் தள்ளித் தள்ளி இதயம் பெருத்துவிட்டது. பெரிதானால் பலம் என்று நினைத்தேன், தளர்ச்சியாம். பத்து நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது, படித்த உங்கள் இருவருக்கும் நாலு மாதத்தில் புரியவில்லை. "இவ்ளோ நாள் ஏம்மா வரல?" என்று அவள் கேட்டபோது, வீட்டில் மறைத்தார்கள் என்று சொல்லக் கூச்சமாகி, வேலை இருந்தது என்று பொய் சொன்னேன். உங்கள் மானத்தையும் நான்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. வால்வை மாற்ற வேண்டியிருக்காது, தைத்தே சரி செய்யப் பார்க்கலாம், இன்னும் தள்ளிப்போட்டால்தான் இதயம் பழைய பலத்துக்குத் திரும்பாது என்றாள். ஆபரேஷனுக்கு அங்கேயே கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷனின்போது பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் சேரக்கூடாதென்று சொத்தைப் பல்லையும் நேற்று பிடுங்கியாயிற்று.

ரிப்போர்ட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்ததும் உன் அப்பா துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். "நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன்" என்றார். நான் இல்லாமல் போவதற்கு வழி பண்ணிக்கொண்டே கேட்கிற கேள்வியைப் பார். திட்ட ஆரம்பித்தேன், பாதியில் எனக்கே மூச்சு வாங்கியது, உடனே முதுகில் தலையணை வைக்க ஓடி வந்தார். ராத்திரியெல்லாம் நான் மூச்சு விடுகிறேனா என்று எழுந்து எழுந்து பார்ப்பாராம், இப்போதுதான் சொல்கிறார். கோழைத்தனத்திலும் என்ன உழைப்பு.

வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன். வருவதானால் வா, ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவும் பெண்ணுமாகக் கிசுகிசுப்பதற்கென்று வராதே. உங்கள் இருவருக்கும் தீர்க்காயுசும், அதோடு கொஞ்சம் தைரியமும் கிடைக்கட்டும். ஒன்றை மறக்காதே, சில குடும்பங்களில் இந்த வால்வுக் கோளாறு பிள்ளைகளுக்கும் வருமாம், நீயும் ஒரு தடவை டாக்டர்களிடம் நெஞ்சைக் காட்டிவிடு. அவர்கள் என்ன சொன்னாலும் முதலில் எனக்குச் சொல். நான் பயப்பட மாட்டேன். பயப்படுவேன், ஆனாலும் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா