நடுங்கும் விரல் பற்றிய ஆவணம்

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ "ஒரு நிமிஷம்க்கா, மீட்டிங்" என்கிறாய், நான் கோபத்தில் வைத்துவிடுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இனிமேல் இப்படித்தான்.

இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் பேசும் பலகையைத் தவிர. போன வாரம் அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. அதிலிருந்து அப்பா எந்தப் படத்தைத் தொட்டாலும் மூன்று நான்கு தடவை பேசுகிறது. அவருடைய இடது கை விரல் நடுங்குவது உனக்குத் தெரியும். முன்பெல்லாம் பலகை கொஞ்சம் பொறுத்திருந்து, நடுக்கத்தையெல்லாம் சேர்த்து ஒரே தொடலாக எடுத்துக்கொள்ளும். இப்போது ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஒரு சொல். நேற்றுத் தண்ணீர்ப் படத்தைத் தொட்டார். "தண்ணீர் தண்ணீர் தண்ணீர்" என்று கத்தியது. பகலில் வரும் நர்ஸம்மா ஓடிவந்து, "பெரியவருக்கு ஏன் இவ்வளவு கோபம்? துணி காயப்போடத்தானே போனேன்?" என்று கண் கலங்கினார். அப்பா அவரைச் சமாதானப்படுத்த "இல்லை" படத்தைத் தொட்டார். "இல்லை இல்லை இல்லை இல்லை" என்றது. நர்ஸம்மா அழுதேவிட்டார்.

உன் அத்தான், "காலம் பூரா தையல் கடையில வாயைத் திறக்காம அளவெடுத்த மனுஷன். இப்பவாவது பேசட்டும், விடு" என்றார். அப்பாவும் சிரித்தார். முதல் நாள் மட்டும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பலகையை அவர் விட்டுடாம பாத்துக்குங்க. பக்கவாதத்துல போன வார்த்தையை ஒவ்வொரு படமா திரும்பக் கொண்டுவந்திருக்கோம். வெறுத்துப்போய் ஒதுக்கி வெச்சிட்டார்னா படமும் போயிடும், வார்த்தையும் போயிடும். ரெண்டாவது தடவை வராதுங்க."

அப்பாவுக்காக நீ எழுதிய சாஃப்ட்வேர்தானே. பார்த்துச் சரிசெய்.

உன் அக்கா

ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோபம் முழுவதும் ஒரு துளி சிந்தாமல் பத்திரமாக வந்து சேர்ந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். பலகை இப்போது என் ஒருவனுடையது அல்ல என்பது உனக்குத் தெரியும். திறந்த மூல மென்பொருள் என்று வெளியே விட்ட பிறகு, யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம். பல தேசங்களில் நம் மொழிக்காரர்கள், பேச்சிழந்தவர்கள், அதைத் தொட்டுப் பேசுகிறார்கள். வேலை செய்கிற யாருக்கும் சம்பளம் கிடையாது. அபிப்பிராயம் எல்லோருக்கும் உண்டு.

நிரல் எழுதுவதற்கு முன், அது என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்று வடிவமைப்பு ஆவணம் ஒன்று எழுதிவைப்பது எங்கள் வழக்கம். அந்த ஆவணங்கள் நாற்காலிமேல் போட்ட துணி மாதிரிக் குவிந்துகிடந்தன. எது நடப்பு, எது பழசு, எது தூக்கக் கலக்கத்தில் எழுதியது என்று தெரியாது. ஒழுங்குபடுத்தும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். நான்கு ஃபோல்டர் போட்டேன்: எழுதப்படுபவை, விவாதிக்கப்படுபவை, ஏற்கப்பட்டவை, முடிந்தவை.

நடுங்கும் விரல் பற்றிய ஆவணம் அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நான் எழுதியது. வேலை முடிந்து ஓடிக்கொண்டிருந்ததால் அதை 'முடிந்தவை'யில் வைத்தேன். எங்கள் தொண்டர்களில் ஒருவர் வேண்டாத நிரல் வரிகளைக் கூட்டித் தள்ளுகிறவர். நாங்கள் அவரைத் துடைப்பம் என்று கூப்பிடுவோம். அவர் 'முடிந்தவை' என்றால் கதை முடிந்தவை என்று எடுத்துக்கொண்டு, அதைச் சேர்ந்த வரிகளையெல்லாம் நீக்கிவிட்டார். நான் வைத்த பெயரில் தவறில்லை. அவர் புரிந்துகொண்டதிலும் தவறில்லை. யாரையும் குறை சொல்ல முடியாத தவறு என்பதால் திருத்துவதற்கு ஒரு குழு தேவைப்படுகிறது.

ஏற்கப்பட்ட ஆவணம் இல்லாமல் நிரலைத் தொடக்கூடாது என்பது விதி. முடிந்ததை மறுபடி ஏற்கப்பட்டதாக்க விதி இல்லை. எனவே ஆவணங்களைப் பின்னோக்கி நகர்த்துவது பற்றி ஓர் ஆவணம் எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பொதுப் பக்கத்தில் நீயும் ஒரு புகார் பதிந்துவை. பயன்படுத்துகிறவர் வீட்டிலிருந்து வந்தால் கனம் அதிகம்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல். பலகையை விட வேண்டாம் என்றும் சொல்.

உன் தம்பி

ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

புகார் பதிந்தேன். விவரம் போதாது என்று பதில் வந்தது. எந்தப் பதிப்பு, எந்தக் கருவி என்று கேட்டார்கள், எழுதினேன். "கோளாறை மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியுமா?" என்றார் ஒருவர். அப்பாவிடம் கேட்டேன். நிகழ்த்திக் காட்டினார். அவ்வளவு கச்சிதமாக அவர் எதையும் நிகழ்த்தி நான் பார்த்ததில்லை. வீடியோ எடுத்து அனுப்பினேன். சிலர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருக்கிறார்கள். ஒருவர் பின்னால் தெரிகிற ஜன்னல் திரைச்சீலை அழகாக இருப்பதாக எழுதியிருக்கிறார். அப்பா தைத்தது என்று நன்றி சொல்லிவிட்டேன்.

அப்பா இப்போதெல்லாம் தொடுவதற்கு முன் யோசிக்கிறார். இடது கையை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, நடுக்கம் நிற்குமா என்று பார்க்கிறார். நிற்பதில்லை. பிறகு, கேட்க வந்ததே வேண்டாம் என்று கையை மடியில் போட்டுக்கொள்கிறார். நேற்று டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டார். நான் என் டம்ளரை வாயில் வைத்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

பழைய பதிப்பையே மறுபடி போட முடியாதா என்று உன் அத்தான் கேட்கிறார். எனக்கு வேறு கேள்வி. குழு, ஃபோல்டர், விதி எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். நீ தனியாக உட்கார்ந்தால் இதைச் சரிசெய்ய எவ்வளவு நேரமாகும்?

அக்கா

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

பழைய பதிப்பைப் போட முடியாது. அப்பாவுக்காக நீ சேர்த்த படங்களையும் உன் குரல் பதிவுகளையும் புதிய பதிப்பு தன் முறைக்கு மாற்றி வைத்துவிட்டது. பின்னால் போனால் எல்லாம் அழிந்துவிடும்.

உன் கேள்விக்குப் பதில்: ஒரு மதியம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் டீக்கு முன்னால் முடியும். உன்னிடம் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

ஆனால் அந்த விதியை எழுதியவன் நான். அவனவன் தன் வீட்டுக்காக இஷ்டத்துக்கு மாற்றித்தான் இவ்வளவு குப்பை சேர்ந்தது என்று கூட்டத்தில் முழங்கியவனும் நான். இப்போது என் அப்பாவுக்காக நானே விதியை மீறினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? அப்பாவுக்கு மட்டும் தனியாக ஒன்று செய்து அனுப்பினாலும் அடுத்த பதிப்பில் அது உடையும்.

கூட்டம் நடந்தது. 'முடிந்தவை' என்ற பெயர் ஆபத்தானது, அதை மாற்றும்வரை எந்த ஆவணத்தையும் நகர்த்தக்கூடாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நான் 'நிறைவேறியவை' என்றேன். "அது ஆசை மாதிரி இருக்குங்க" என்றார் துடைப்பம். எங்களிடம் பணமே கிடையாது, ஆனாலும் ஒரு பொருளாளர் உண்டு. அவர், "நிறைவேற்றப்பட்டவைன்னு வைங்க" என்றார். "சார், அதைத் தூக்கு தண்டனைக்குச் சொல்வாங்க" என்றார் தொண்டராக வந்திருக்கும் வக்கீல். 'அமலில் உள்ளவை' என்றேன். "எது, ஊரடங்கா?" என்றார்கள். பெயரே வேண்டாம், எண் போடலாம் என்று ஒரு சமரசம் வந்தது. எண் பூஜ்யத்தில் தொடங்குவதா ஒன்றில் தொடங்குவதா என்ற இடத்தில் கூட்டம் கலைந்தது. வாக்கெடுப்பு வைத்திருக்கிறோம்.

நீ சிரிப்பாய் என்றுதான் இதையெல்லாம் எழுதினேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அறைக்குக் கீழே பொதுச் சலவை இயந்திரங்கள். நாள் முழுக்கத் தரை அதிர்கிறது, மேசை அதிர்கிறது, மேசைமேல் வைத்த என் கையும் அதிர்கிறது.

உன் தம்பி

ஜூன் 28

தம்பிக்கு,

அப்பா பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

நர்ஸம்மா, "ஐயா, ஒரே ஒரு தடவை தொடுங்கய்யா. அது எத்தனை தடவை கத்தினாலும் நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்று கெஞ்சினார். அப்பா பலகையை அவர் பக்கம் மெதுவாகத் தள்ளினார், வேண்டுமானால் நீ பேசிக்கொள் என்பதுபோல. எனக்கும் புருவத்தால்தான் பதில். பாதி புரிகிறது, மீதியை நானே முடிவுசெய்துவிடுகிறேன். அவருக்கு இன்று குளிக்க விருப்பம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. குளிப்பாட்டிவிட்டேன்.

பேச்சு டீச்சர் வந்தார். படங்களை அட்டையில் அச்சடித்துக் கொண்டுவந்து, "கதவு எங்கே, காட்டுங்க பாக்கலாம்" என்றார். அப்பா தலையணையைக் காட்டினார். காட்டிவிட்டு, சரிதானே என்று என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே டீச்சர், "எத்தனை நாளா தொடலை?" என்று கேட்டார். சொன்னேன். "உங்க தம்பிதானே இதை எழுதினாரு?" என்றார். ஆமாம் என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஊரடங்கு பற்றிச் சொல்லியிருப்பேன்.

அந்த ஒரு மதியத்தைக் கொடு. இல்லாவிட்டால் கிளம்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார். இரண்டும் முடியாது என்றால் முடியாது என்று எழுது. விவாதத்தில் இருக்கிறது என்று மட்டும் எழுதாதே.

அக்கா

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் எண்ணிக்கை போதாது என்பதால் செல்லாது. மறுபடி நடத்த வேண்டும். இது விவாதத்தில் இல்லை, மறுவாக்கெடுப்பில் இருக்கிறது. உனக்கு இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

வருவதைப் பற்றி. பலகை இருந்தால் அப்பா சொல்வது எனக்குப் புரியும். பலகை இல்லாமல் அவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள எனக்கு வராது. உனக்கு வரும். நான் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் என்னைப் பார்க்க, நான் தரையைப் பார்க்க, எத்தனை நேரம் அப்படி இருக்க முடியும்? முதல் தடவை அவருக்குப் பேச்சு போனபோதும் அப்படித்தான் இருந்தேன். அந்த முகத்துக்கு முன்னால் சும்மா உட்கார முடியாமல்தான் லேப்டாப்பைத் திறந்தேன். நீங்கள் எல்லோரும் அதைப் பாசம் என்றீர்கள்.

பெயர் முடிவாகட்டும். முடிவானதும் செய்துவிடுகிறேன்.

உன் தம்பி

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. கோபம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நல்ல செய்தி. ஃபோல்டருக்கு 'நடப்பில் உள்ளவை' என்று பெயர் முடிவாகிவிட்டது. எல்லா ஆவணங்களும் ஒழுங்காகிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, நிலை, தேதி, பொறுப்பாளர். இனி யாரும் எதையும் தவறாகப் புரிந்துகொள்ள முடியாது. புரிந்துகொள்வதற்கு ஆளும் அதிகம் இல்லை. துடைப்பம் மனம் நொந்து விலகிவிட்டார். வக்கீலுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. கடைசிக் கூட்டத்தில் நானும் பொருளாளரும் மட்டும். வாக்கு போதாதே என்று பார்த்தோம். எத்தனை வாக்கு போதும் என்ற விதியை முதலில் மாற்றினோம், பிறகு பெயரை ஏகமனதாக ஏற்றோம்.

அன்று மதியமே உட்கார்ந்தேன். டீக்கு முன்னால் முடிந்துவிட்டது. புதிய பதிப்பு இந்நேரம் அப்பாவின் பலகைக்கு வந்திருக்கும். இனி விரல் எவ்வளவு நடுங்கினாலும் ஒரு தடவைதான் பேசும்.

அப்பா தொட்டுப் பேசுவதை ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பு. 'சோதித்துப் பார்க்கப்பட்டது' என்ற பத்தியில் சேர்க்க வேண்டும். அது ஒன்றுதான் காலியாக இருக்கிறது.

உன் தம்பி

ஆகஸ்ட் 7

அன்புள்ள தம்பிக்கு,

புதிய பதிப்பு வந்தது. வேலை செய்கிறது. வேண்டுமென்றே என் விரலை நடுக்கித் தொட்டுப் பார்த்தேன். "தண்ணீர்" என்று ஒரு தடவைதான் சொன்னது. நல்ல வேலை.

அப்பா முன்னால் வைத்தேன். தெருவில் போகிற வண்டிகளைப் பார்ப்பதுபோலப் படங்களைப் பார்த்தார். விரலைப் பிடித்துப் படத்தின்மேல் வைத்தேன். பலகை பேசியதும், யார் பேசுகிறார்கள் என்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பேச்சு டீச்சர் இனி தான் வர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வீடியோ எடுக்கவில்லை.

பலகையைக் கவிழ்ப்பதற்கு முந்தின நாட்களில் அவர் அதிகம் தொட்டது உன் போட்டோவைத்தான். அவர் உன்னைக் கூப்பிடுகிற மாதிரியே "சின்னவன்" என்று அதற்கு நான் குரல் கொடுத்திருந்தேன். தொட்டால், "சின்னவன் சின்னவன் சின்னவன்" என்று ஓயாமல் சொல்லும். "ஒரு தடவை சொன்னா போதும்ப்பா, கேக்குது" என்று சொல்லிவிட்டு நான் சமையலறைக்குப் போய்விடுவேன். முதுகுக்குப் பின்னால் மறுபடி கேட்கும். கோளாறு என்றுதான் நினைத்தேன். அது கோளாறா, இல்லை அவர் அத்தனை தடவை கூப்பிட்டாரா என்று அப்போது பிரித்துச் சொல்ல வழியில்லை. இப்போது நீ சரிசெய்ததில், அவர் எத்தனை தடவை கூப்பிட்டிருந்தாலும் ஒரு தடவைதான் கேட்டிருக்கும்.

உன்னிடம் கோபம் இல்லை. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஆனால் இனி எனக்கு எழுதாதே. உன் கடிதம் வந்தால் அப்பா கையை நீட்டுகிறார், நான் அதில் இருப்பதை விட்டுவிட்டு வேறு எதையோ படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. எனக்கு அவ்வளவு கற்பனை போதாது. நீ நேரில் வந்தால் கதவு திறந்திருக்கும். கேள்வி கேட்கிறவர்கள் இங்கே யாரும் இல்லை.

பலகையை நர்ஸம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன், பாட்டுக் கேட்பதற்கு. கொடுப்பதற்கு முன் படங்களையெல்லாம் அழித்தேன். உன் போட்டோவை அழிக்கும்போது, "உறுதியாகவா?" என்று கேட்டது. மறுபடி கேட்கும் என்று கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை.

அக்கா