பழைய சாவி

மகனே,

உன் கடைசி முகவரிக்கே இதையும் அனுப்புகிறேன். கனடாவில் வெல்டிங் வேலை கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். நம் ஸ்வான்சீ வீட்டை வாடகைக்கு விடப்போகிறேன். அதற்காக வீட்டுக்கடனை, வாடகைக்கு விடும் வீட்டுக்கான கடனாக மாற்றியாக வேண்டும்.

கடன் தரகர் கிளெனிஸ் படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டாள்.

“உங்க குடும்பத்துல யாராச்சும் வந்து தங்குவாங்களா?”

“தங்கினா என்ன?”

“சொந்தக்காரங்க தங்குற வீட்டுக்கு இந்தக் கடன் கிடைக்காதுங்க.”

“பையன் இருக்கான். போயி ஆறு வருஷமாச்சு.”

“வருவாரா?”

அந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமலே அனுப்பினேன். வங்கி திருப்பி அனுப்பியது. மறுபடியும் அப்படியே அனுப்பினேன், மறுபடியும் திரும்பி வந்தது. நேற்று, யாரும் வரமாட்டார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இந்த வாசலை மிதிக்காதே என்று அன்று கத்தியவன் நான்தான். ஆனால் பூட்டை மட்டும் மாற்றவே இல்லை. உன்னிடம் ஒரு சாவி இருந்தது.

இன்று காலை அந்தப் பூட்டையும் மாற்றிவிட்டார்கள். குடிவரப்போகும் பெண்ணிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

“உயரமா ஒருத்தன் வந்து பழைய சாவியப் போட்டுத் திருப்பிப் பாத்துட்டு நிப்பான். திருடன்னு நினைச்சிடாதம்மா, என் பையன். உள்ள கூப்பிட்டு ஒரு டீ குடு. என் நம்பரையும் குடு.”

சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கேட்டாள்.

அப்போது இரண்டு. இப்போது எத்தனை என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அப்பா