துளிர்க்காத பெக்கான்

ஏப். 7, செவ்வாய்

ஆப்பிரிக்காப் பக்கமிருந்து மண் காற்று. துவைத்துப் போட்ட விரிப்பெல்லாம் திரும்பவும் துவைக்க வேண்டும். சனியன் பிடித்த காற்று.

மொண்டெல்லோவில் இந்த வீட்டு வேலைக்கு வந்து இரண்டு மாதம். வீட்டுக்கார மூதாட்டி, சிஞ்ஞோரா, இடுப்பு முறிந்து படுக்கை. கட்டில் ஜன்னலுக்குத் தள்ளி, வெளியே ஒன்றும் தெரியாது. வாய் மட்டும் ஓயாது. இன்று பின்வளவுப் பெக்கான் மரத்தின் கதை. ஹிக்கரி இனக் கொட்டை மரமாம். கணவர் அமெரிக்காவிலிருந்து கொட்டை கொண்டுவந்து நட்டது. "அங்கை ஆத்தங்கரையில தானா முளைக்கும். இஞ்சை நாங்கள் தண்ணி விட்டு வளர்த்தது." போன வருடக் கொட்டை ஒன்று உடைத்துக் கொடுத்தேன். மெல்ல முடியாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டார்.

ஏப். 12, ஞாயிறு

பூசை முடிந்து வந்து மரத்தைப் போய்ப் பார்த்தேன். அத்தி பச்சை, மாதுளை பச்சை. இது மட்டும் மொட்டை. பட்டை உரிந்து தொங்குகிறது. செத்துவிட்டது. ஐயோ, பிள்ளை மாதிரி வளர்த்த மனுசி.

போர்கோ வெக்கியோவில் இருக்கும் மச்சாளுக்கு போன் எடுத்தேன். "படுக்கையில கிடக்கிற வருத்தக்காரிக்குச் செத்த கதை சொல்லாதை, நெஞ்சு தாங்காது. மகனுக்குச் சொல்லு." சரிதான். ஐயா செத்ததை நாங்களும் ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மாவுக்குச் சொல்லவில்லை.

சிஞ்ஞோராவின் மகன் மிலானில். இங்கே வந்தே பல வருடம். போனில் சொன்னேன். முறிந்து விழமுதல் வெட்டச் சொன்னார், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றார்.

ஏப். 15

"மரம் எப்பிடி?" என்று கேட்டார் சிஞ்ஞோரா. "நல்லாயிருக்கு" என்றேன். பொய்.

வாங்க: சவர்க்காரம், பால், இருமல் மருந்து.

ஏப். 20, திங்கள்

வெட்டியாயிற்று. அறைக் கதவைச் சாத்தி, ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"என்ன சத்தம்?"

"பக்கத்து வீட்டில வேலை, சிஞ்ஞோரா."

வெட்டியவன் பட்டைக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தான். "ஈரமாக் கிடக்கு" என்றான். பச்சை. அதற்குள் பாதி மரம் தரையில். செத்த மரத்திலும் ஈரம் இருக்கும்தானே. இருக்கும்தானே?

ஏப். 21

நல்ல வெயில். சிஞ்ஞோராவுக்கு உடம்பு துடைத்து, சீப்பால் தலை இழுத்துவிட்டேன். இன்று சந்தோசமாக இருந்தார்.

"மே பிறக்கப்போகுது. இனித்தான் எங்கட பெக்கான் முழிக்கும். எல்லா மரத்துக்கும் பிந்தித்தான் துளிர்க்கும், சோம்பேறி. முதல் வருசம் செத்துப்போச்செண்டு நான் அழுதனான், மனுசன் சிரிச்சவர். நாளைக்கு என்னை ஜன்னலடிக்குக் கொண்டுபோ, பிள்ளை."

"ஓம், சிஞ்ஞோரா" என்றேன்.