ரம்புத்தான் மரத்தடி பிக்-அப்

ரீத்தா அப்பா,

சோறும் நெத்திலி சம்பலும் மூடி வச்சிருக்கேன். உங்க வயித்துக்காகக் காரம் கம்மி. பிளாஸ்கில் கோப்பி இருக்கு. வண்டி வாங்க வர்ற சிம்பாங் பூலாய் கடைக்காரத் தவுக்கேக்கும் ஊத்திக் கொடுங்க. அவர்மேல எனக்கென்ன கோவம்?

வண்டிச் சாவி அதே ஆணியில்தான் தொங்குது. ஒளிச்சு வைக்கிற புத்தி எனக்கில்லை.

தோட்டத்துல இருந்து வந்த அந்தப் பழைய பிக்-அப் மூணு வருசமா ரம்புத்தான் மரத்தடியில் கோழிக்கூடாக் கிடந்தது. "பழைய இரும்புக்காரன்கூட எடுக்க மாட்டான்லா"ன்னு சொன்னீங்க. மெக்கானிக் செபாஸ்டியன் அண்ணன்கிட்ட கேட்டுக் கேட்டு, நான்தான் கார்புரேட்டரைக் கழட்டி மண்ணெண்ணெயில் கழுவினேன், பிளக்கை உப்புத்தாளால தேய்ச்சேன். "பொம்பளைக்கு எதுக்குலா ஸ்பானர்?"னு சிரிச்சீங்க. செத்துக் கிடந்தவரைக்கும் அது என் பைத்தியம், உயிர் வந்ததும் உங்க வண்டியா?

புந்தோங் அக்கா வீட்டுக்குப் போறேன். சாயங்காலம் வந்துருவேன்.

கத்தரின்

சொல்ல மறந்துட்டேன். வண்டி இன்னிக்கு ஸ்டார்ட் ஆகாது. இஞ்சின்ல இருந்து ஒரு சாமானைக் கழட்டி என் கைப்பையில போட்டுக்கிட்டேன். தவுக்கே முன்னாடி பானட்டைத் திறந்து பாருங்க. எது காணோம்னு நீங்களே சொல்லிட்டா, தாராளமா வித்துக்கோங்க.