பச்சையாகிப்போன நிலக்கரி

நேற்று என் பேத்தி தன் கல்யாணப் படங்களில் பாதியைக் கைப்பேசியிலேயே கறுப்பு வெள்ளையாக்கி, "இதுதான் தாத்தா ஆர்ட்" என்று நீட்டினாள். விரலால் ஒரு தட்டு, கலை பிறந்துவிடுகிறது இவர்களுக்கு. உடனே உன் ஞாபகம் வந்தது. நீ செத்து ஒன்பது வருடமாகிறது. நம் பேச்சு செத்தது அதற்கும் வெகுகாலம் முன்பு.

எண்பதுகளின் தொடக்கத்தில், நெய்வேலியில், சுரங்கத்தின் வரைபட அறையில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மேஜை. உன்னைப் போல ஓர் அலட்டல்காரனை நான் அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. நூலகத்துக்குத் திருப்பித் தராத ஒரு பழைய ஓவிய வரலாற்றுப் புத்தகம் உன்னிடம் இருந்தது. அதில் அத்தனை படமும் கறுப்பு வெள்ளை. அதை வைத்துக்கொண்டு எங்களுக்கெல்லாம் பாடம் எடுப்பாய். மாதம் ஒரு ஞாயிறு கிளப்பில் கறுப்பு வெள்ளையில் வெளிநாட்டுப் படம் போடுவார்கள். பாட்டு வரும் என்று காத்திருந்துவிட்டுப் பாதிப் பேர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார்கள். மீதிப் பேர் தூங்குவார்கள். நீ மட்டும் எழுந்து நின்று, "கலருங்கறது பஞ்சுமிட்டாய்யா, வாயில வச்சா ஒண்ணுமில்ல. நெழலப் பாரு" என்பாய். அரைகுறைக்கு வாய் நீளம் என்று நினைத்துக்கொள்வேன். ஆனாலும் அடுத்த படத்தில் நான் நிழலைத்தான் பார்த்தேன். அந்த எரிச்சல் வேறு.

சுரங்க மேட்டில் சூரியன் விழுவதை ஏழு சாயங்காலம் உட்கார்ந்து வண்ணத்தில் வரைந்து ஆபீசுக்குக் கொண்டுவந்தேன். எல்லார் முன்னாலும் நீ சொன்னாய்: "மார்கழிக் கோலம் மாதிரி இருக்குய்யா. கொண்டுபோய் வாசல்ல போடு."

அதற்கு அடுத்த வாரம் கரும்பச்சையில் ஒரு பேன்ட் போட்டு வந்து, "பழுப்பு எனக்கு எடுப்பா இருக்கா?" என்று கேட்டாய். தமாஷ் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பொறி தட்டியது. மண்ணடுக்குப் படங்களுக்கு நிறம் பூசுவது உன் வேலை. மணலுக்கு மஞ்சள், நிலக்கரிக்குப் பழுப்பு, களிமண்ணுக்குப் பச்சை. ட்யூபில் நிறத்தின் பெயர் இருக்கும். கரைத்து வைக்கும் பீங்கான் கிண்ணத்தில் இருக்காது. அதனால்தான் மூன்று கிண்ணத்தையும் எப்போதும் ஒரே வரிசையில் வைத்தாய், யாராவது நகர்த்தினால் சீறினாய். உன் கலைத் தத்துவமெல்லாம் ஒரு கண் கோளாறு என்று கண்டுபிடித்த அன்று எனக்கு ராத்திரிச் சாப்பாடு ருசித்தது.

நீ டீ குடிக்கப் போன நேரத்தில் பழுப்புக் கிண்ணத்தையும் பச்சைக் கிண்ணத்தையும் இடம் மாற்றி வைத்தேன்.

சாயங்காலம் அதிகாரி படத்தைத் தூக்கிக் காட்டினார். "என்னங்க இது, நிலக்கரிய எடுக்கச் சொன்னா நாத்து நட்டு வச்சிருக்கீங்க?" அறையே சிரித்தது. உரக்கச் சிரித்தவன் நான். பிறகு கண் டாக்டர், சோதனை, ஸ்டோர்ஸுக்கு மாற்றல். நட்டும் போல்ட்டும் எண்ணுகிற வேலை. கிளப் பக்கம் நீ வரவேயில்லை. மேஜையைக் காலி செய்த அன்று மெதுவாகக் கேட்டாய்:

"கிண்ணத்த நீதான மாத்தின?"

"நான் எதுக்குய்யா மாத்தப் போறேன்?"

"சரி" என்றாய். அந்த ஓவியப் புத்தகத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாய்.

அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் வரையக் கற்றேன். நாற்பது வருடமாகக் கரித்துண்டு மட்டும்தான். வண்ணத்தைத் தொடக் கை வருவதில்லை. யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால், நானாகவே என்பேன். உனக்கு வாய் நீளம் என்று நினைத்தவன் வாய்தான் அதைச் சொல்கிறது.

நேற்று பேத்தியிடம் ஒரு படத்தைக் காட்டி, "கழுத்துக்குக் கீழ நெழலப் பாரு" என்றேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். முதல்முறையாக உன்னைச் சொன்னேன். பச்சை தெரியாது, பழுப்பு தெரியாது, நான்தான் கிண்ணத்தை மாற்றினேன் என்றேன். அதிகாரி கேட்டதையும் சொன்னேன்.

"நாத்து நட்டுட்டாரா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.