தந்த நிறப் பளபளப்பு

மார்ச் 3, செவ்வாய்

வார்டு நடைபாதையைத் துடைத்துவிட்டு மஞ்சள் பலகை வைக்காமல் போயிருந்தார்கள். துப்புரவு மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கேட்டேன். தலைமை நர்ஸுக்கு இன்னைக்கு என்ன வந்தது என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். வழுக்கி விழுந்து ஒருத்தர் இடுப்பு ஒடிந்தால் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

சாயங்காலம் குட்டி வந்தாள். என் தங்கைக்கு நாற்பத்தொரு வயது. ஊரில் பாதிப் பெண்களின் தலை அவள் பார்லரில்தான் வெட்டுப்படுகிறது. ஆனாலும் என் வாயில் அவள் குட்டிதான். அடுத்த வாரம் ஏதோ பயிற்சிக்கு வெளியூர் போகிறாளாம். அவளுடைய பாய்மரப் படகு பழுதுபார்க்கக் கரையேற்றிக் கிடக்கிறது. மேல்தளத்துக்குப் பெயிண்ட் அடிப்பது மட்டும் பாக்கி. அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர், வாரத்தில் பாதி நாள் ரோட்டில். அதனால் என்னைக் கேட்டாள்.

“சாம்பல் கலர்க்கா. பளபளப்பு இல்லாத மேட். அதுல பொடி மணல் கலந்து அடிக்கணும், ஈரத்துல கால் பிடிக்கும்.”

சரி என்றேன். மாதக் கடைசியில் பாய்மரப் போட்டி. சொந்தப் படகில், தானே சுக்கான் பிடித்து, முதல் தடவையாகப் போகிறாள். பேசும்போது முகம் எப்படி இருந்தது! கல்யாணத்தன்றுகூட இவ்வளவு வெளிச்சம் இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

பெயிண்ட் கடை. அவள் சொன்ன சாம்பலைத் திறந்து காட்டினார்கள். எங்கள் ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போகும் வழியில் இதே நிறத்தில்தான் தரை. மணல் வேறு கலந்தால் அழுக்கு அப்படியே உட்கார்ந்துகொள்ளும். தேய்த்துக் கழுவ அவளுக்கு எங்கே நேரம்?

பக்கத்திலேயே யானைத் தந்த நிறம் ஒன்று, பளபளவென்று. மூடியில் தடவிக் காயவைத்திருந்தார்கள். என் விரல் அதில் தெரிந்தது. ஒரு துணியால் துடைத்தால் போதும், புதுசு மாதிரி இருக்கும்.

அதையே வாங்கினேன். பார்த்தால் அவளுக்கே பிடித்துவிடும். அவளுக்கு எது நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாதா?

மார்ச் 12, வியாழன்

ஆள் வைத்து அடித்ததில் இரண்டாவது பூச்சும் முடிந்தது. லீவு போட்டு நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். பக்கத்துப் படகுக்காரர், தொப்பை முன்னே போக அவர் பின்னே வருகிற மனிதர், கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார். பெருமையாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும், பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 14, சனி

குட்டி வந்து பார்த்தாள். ஏணியின் மேல்படியில் நின்று தளத்தை விரலால் ஒருதரம் தடவினாள். பிறகு, “நல்லா இருக்குக்கா” என்றாள்.

மணல் கலக்கவில்லையா என்று கேட்டாள். கலந்தால் இந்த வழவழப்பு வராது என்றேன். போட்டிக்கு முன் சுரண்டி மறுபடி அடிக்க நாள் இல்லை, அங்கங்கே ரப்பர் பாய் ஒட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். வாயைத் திறந்து பாராட்ட மாட்டாள். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

மார்ச் 22, ஞாயிறு

குட்டி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டு.

மார்ச் 24, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருந்தால் வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்ளப் பார்ப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

பழகிப் பார்க்கலாம் என்று ஞாயிறு காலை நாங்கள் இருவரும் படகை எடுத்துக்கொண்டு போனோம். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு அலை எழும்பித் தளமெல்லாம் நனைந்தது. முன்பாயின் கயிறு எங்கோ சிக்கிக்கொண்டது. என்னிடம் சுக்கானைப் பிடிக்கச் சொல்லிவிட்டு முன்னால் போனாள். ரப்பர் பாய் முடிகிற இடத்தில் கால் வைத்தாள். அவ்வளவுதான். எண்ணெய்ச் சட்டியில் வைத்த மாதிரி கால் போயிற்று. கையை ஊன்றினாள். அந்தச் சத்தம். எக்ஸ்ரே வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். முப்பது வருடமாக இதுதானே என் பிழைப்பு.

கத்தரிக்கோல் பிடிக்கிற கை.

எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, தண்ணியில இதெல்லாம் சகஜம் என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அழைத்துப் போனேன். வீட்டுக்காரர் பாதி வழியில் லாரியை ஒப்படைத்துவிட்டு ஓடிவந்தார். நான் சமையலறையில் இருந்தேன். இந்தப் பெயிண்டை யார் அடிக்கச் சொன்னது என்று அவர் கேட்டது காதில் விழுந்தது.

“நான்தான். பளபளன்னு இருக்கட்டும்னு ஆசைப்பட்டேன்” என்றாள்.

போய்ச் சொல்லியிருக்கலாம். நாலு எட்டு. நான் குழாயைத் திறந்துவிட்டு, கழுவின டம்ளரையே மறுபடி கழுவினேன்.

மார்ச் 26, வியாழன்

புதிதாகச் சேர்ந்த நர்ஸுகளுக்கு வகுப்பு. தலைப்பு: நோயாளிகள் வழுக்கி விழாமல் தடுப்பது. எடுக்க வேண்டியது நான். ஈரமும் வழவழப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று படம் போட்டுக் காட்டினேன். அழகு பார்க்காதீங்க, கால் பிடிக்குதான்னு பாருங்க என்று என் வாயாலேயே சொன்னேன். கை தட்டினார்கள்.

ஊருக்கு உபதேசம். முடிந்ததும் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

போட்டி இன்று. அவள் படகு மட்டும் கரையில்.

காலையில் போய் அவளுக்குத் தலை அலசிவிட்டேன். எத்தனை பேர் தலையை அலசின கை, பிளாஸ்டிக் பை சுற்றி ஓரமாக நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணி சூடா இருக்கா என்று கேட்டேன். பரவாயில்லை என்றாள். எதைக் கேட்டாலும் இப்போது பரவாயில்லைதான்.

மத்தியானம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவளுக்கு இடது கையில் ஸ்பூன். வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை, பயந்துபோயிருக்கிறார். படகை விற்றுவிடலாம் என்று ஆரம்பித்தார். கையில்லாமல் பார்லர் எப்படி நடக்கும், படகைப் பளபளப்பாக்கிப் பார்க்கிற புத்தி இருக்கிறவளுக்குக் கடல் எதற்கு, நாளைக்குத் தலையில் அடிபட்டால் யார் பொறுப்பு என்று அடுக்கினார். குட்டி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொறுக்க முடியவில்லை. “அவ சொல்லல. சாம்பல் கலர்ல மணல் போட்டுத்தான் அடிக்கச் சொன்னா. மாத்தினது நான்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அப்புறம் ஏன் பொய் சொன்னாய் என்று அவளைத்தான் கேட்டார். அவள் எழுந்து அறைக்குள் போய்விட்டாள்.

சொல்லிவிட்டேன் என்று மனம் லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லையே, ஏன்?

மார்ச் 30, திங்கள்

டூட்டி முடிந்து போனேன். கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலிலேயே நின்று பேசினாள். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலாம்.

“அவர்கிட்ட ஏன் சொன்னே?”

“உன் மேல பழி வேண்டாம்னுதான்…”

“என்னைக் கேட்டியா?”

பையின் வாரைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

“இந்த வயசுலயும் எங்கக்கா என் பேச்சைக் காதுல வாங்காது, நான் ஒண்ணு சொன்னா அது ஒண்ணு செய்யும்னு அவருக்குத் தெரியக் கூடாதுன்னு இருந்தேன். எனக்கு அசிங்கமா இருந்துச்சு. அதையும் நீயே முடிவு பண்ணிட்டே.”

கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். பேருந்தில் வரும்போது பக்கத்தில் இருந்த அம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

போன் எடுக்கவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

அவள் பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் படிப்பது என்று முடிவு செய்தது – நான். முதல் வீடு எந்தத் தெருவில் – நான். பார்லர் சுவருக்கு அந்த ரோஸ் நிறம்? அதுவும் நான்தான். அவள் நீலம் கேட்டாள். ஐஸ்பெட்டிக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கும்டி என்று சிரித்தேன், அவளும் சிரித்தாள். பத்து வருஷமாக அந்த ரோஸுக்கு நடுவில் நின்றுதான் வேலை செய்கிறாள்.

எல்லாம் அன்புன்னு நெனச்சிட்டிருந்தேன். அன்புதான். ஆனா அவ வேணாம்னு சொல்ல ஒரு இடம் விட்டேனா நான்? நல்லா இருக்குக்கா, நல்லா இருக்குக்கா – அது பாராட்டு இல்ல. என்கிட்ட பேசிப் பிரயோஜனம் இல்லன்னு அர்த்தம். இது புரிய ஒரு எலும்பு ஒடியணுமா, அதுவும் அவ எலும்பு?

ஏப்ரல் 12, ஞாயிறு

உப்புத்தாள் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். பளபளப்பு முழுவதையும் தேய்த்து எடுத்துவிடுவது என்று முடிவு. ஏணியில் ஏறி, மண்டி போட்டு, தாளைத் தளத்தில் வைத்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. யாரைக் கேட்டேன்?

இறங்கி ஒரு கவிழ்த்துப் போட்ட தோணிமேல் உட்கார்ந்தேன். போன் செய்தேன், எடுக்கவில்லை. ‘தளத்தைத் தேய்க்கலாமா?’ என்று செய்தி அனுப்பினேன். காத்திருந்தேன். தொப்பைக்காரர் டீ கொடுத்தார். வெயில் சாய்ந்துவிட்டது. வீட்டுக்குக் கிளம்பும்போது பதில் வந்தது.

‘தேய்.’

ஏப்ரல் 19, ஞாயிறு

காலையிலிருந்து தேய்த்தேன். தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது. மூக்கு, காது, இமை எல்லாம் தந்த நிறத் தூள். இவ்வளவு அழகான பெயிண்டை ஏன் சுரண்டுகிறீர்கள் என்று தொப்பைக்காரர் வந்து வருத்தப்பட்டார்.

“வழுக்கிச்சு. தப்பான பெயிண்ட். நான்தான் அடிக்கச் சொன்னேன்” என்றேன்.

அவர் தன் படகுத் தளத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

இன்னும் ஒரு மூலைதான் மீதி. உச்சி வெயிலில் ஆட்டோ வந்து நின்றது. குட்டி. கட்டுப் பிரித்துவிட்டார்கள், மணிக்கட்டு சூம்பிப் போய், வேறு யாருடைய கையோ மாதிரி. விரல் மடக்குகிறாயா, பந்து பிடித்துப் பழகுகிறாயா என்று நர்ஸ் வாய் துடித்தது. அவளுக்கு டாக்டர் இருக்கிறார்.

ஐந்து பலகைத் துண்டுகள் கொண்டுவந்திருந்தாள், ஐந்திலும் வேறு வேறு பெயிண்ட், வேறு வேறு மணல். வெயிலில் வரிசையாக வைத்து, வாளித் தண்ணீரை ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்கச் சொன்னாள். நின்றேன். வெள்ளையில் கண் கூசியது. கரும்பச்சையில் கால் பொத்துவிடும் போலச் சுட்டது. ஒன்றில் மணல் பருமன், பாதத்தை அறுத்தது.

“உனக்கு எது பிடிச்சிருக்கு?” என்றாள்.

“உன் படகு. நீ சொல்லு.”

“கேக்குறேன்ல. நடிக்காதே. சொல்லு.”

வெளிர் மணல் நிறத்து மேட் என்று சொன்னேன். உண்மையாகவே அதுதான் பிடித்தது. அவள் தலையாட்டிக்கொண்டாள். அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பாசி படிந்த தண்ணீர் மாதிரி ஒரு பச்சைச் சாம்பலைத் தட்டிக் காட்டினாள்.

“இதான்.”

எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. சரி என்றேன்.

படகை விற்கிற பேச்சு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அதை நானும் அவரும் பேசிக்கிறோம் என்றாள். வாயை மூடிக்கொண்டு அந்த மூலையைத் தேய்த்து முடித்தேன்.

மே 3, ஞாயிறு

பூசினோம். நான் ரோலரை உருட்டிக்கொண்டே போக, அவள் பின்னால் வந்து, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவிலிருந்து இடது கையால் மணலைத் தூவினாள். பருப்பில் உப்புப் போடுகிற மாதிரி தூவாதே என்று ஒருதரம் சொல்லிவிட்டேன். முறைத்தாள். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதிக நேரம் இல்லை. இருந்தாலும் வந்தது.

பார்லரில் உதவிக்கு இருக்கும் பெண் வெட்டுகிறாளாம், இவள் பக்கத்தில் நின்று சொல்கிறாளாம். கத்தரிக்கோல் இன்னும் வலிக்கிறது. எப்போது சரியாகும் என்று தெரியாது. அதற்கு மன்னிப்புக் கேட்டேன். முதல் தடவையாக, சுற்றி வளைக்காமல்.

“உம்” என்றாள். தூவிக்கொண்டே இருந்தாள்.

மே 17, ஞாயிறு

இன்று படகு தண்ணீரில் இறங்கியது. முதல் ஓட்டத்துக்கு அவள் வீட்டுக்காரரைத்தான் கூட்டிப்போனாள். என்னைக் கூப்பிடவில்லை. துறையில் நின்றேன். கட்டுக் கயிற்றை அவிழ்த்துப் போடச் சொன்னாள். போட்டேன், தண்ணீரில் விழுந்தது. இழுத்து மறுபடி போட்டேன். தளம் முழுக்க நனைந்திருந்தது. வெறுங்காலோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தாள். அந்தப் பச்சை தண்ணீரில் இன்னும் மோசமாகத்தான் தெரிகிறது.

கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை நீ வரியா?”

எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை மணிக்கு, காற்று எப்படி இருக்கும் என்றெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது.

வரேன் என்றேன்.